பெர்மெத்தின் பன்னிரண்டு மெத்தைகள்

ஜோரோபெக் எங்கள் தொகுதியில் வேட்பாளராக நின்ற வருஷத்தைப் போல ஏழைகளுக்கு நல்ல காலம் அதற்கு முன்பு வந்ததே இல்லை. காகிதத்தில் சொல்கிறேன்.

அவருடைய திட்டப் புத்தகம் வழவழப்பான தாளில் நாற்பது பக்கம். பெயர் ‘எந்தப் புகையும் அணையாது.’ எங்கள் பக்கம் ஊரில் எத்தனை வீடு என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை புகை என்றுதான் கேட்பார்கள். அதனால் பெயர் எல்லாருக்கும் பிடித்துப்போனது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் குழந்தைப்படி இரண்டு மடங்கு. குளிர்காலக் கரி வாசலுக்கே வரும். வீட்டுக்கு ஒரு சினைப்பசு. ஏழாம் பக்கத்தில் ஜோரோபெக் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கன்றுக்குட்டியிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது அதன் முகத்தில் தெரிந்தது. மாவட்டத்தில் ஒன்பது பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் மனிதர் கன்றுக்குட்டியை அதைவிட நன்றாகப் பிடிக்க முடியாதுதான். புத்தகத்தில் ஒரே குறை, அந்தத் தாள் அடுப்பில் எரியாது. ஓரம் கருகிச் சுருளும், நடுவில் ஜோரோபெக் கடைசிவரை சிரித்துக்கொண்டிருப்பார்.

நான் தாஷ்கெச்சூ கிராம அலுவலகத்தில் சமூகநலப் பணியாளர். பதினொரு வருஷமாக ஊரில் யார் ஏழை என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. எத்தனை பேர், என்ன வருமானம், எத்தனை ஆடு மாடு, குளிர்பெட்டி உண்டா, டிவி உண்டா, கம்பளம் உண்டா என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். பசி உண்டா என்பதற்குக் கட்டம் கிடையாது.

எங்கள் ஊரில் நூற்று நாற்பது புகை. பட்டியல்படி அதில் அறுபத்தொன்று ஏழைப் புகை. நிஜமாக எத்தனை என்று என்னைக் கேட்டால் நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். ஊர்த்தலைவர் ஷெர்மாத்தின் அம்மா பட்டியலில் ‘தனியாக வாழும் முதியவர்.’ தனியாக வாழ்வதற்காகவே மகன் வீட்டுச் சுவரில் அவருக்கு ஒரு தனிக்கதவு வெட்டினார்கள். கடைக்காரி ஊல்கான் காகிதத்தில் விவாகரத்தானவள். விவாகரத்தான புருஷனின் குறட்டை மூன்று வீடு தள்ளிக் கேட்கும். என் மாமியாரும் பட்டியலில் இருக்கிறார். அவர் பெயரை எழுதியது என் கைதான். எழுத்து அழகாக இருக்கிறது என்று மாவட்டத்தில் பாராட்டினார்கள்.

ஒளிக்க எதுவுமே இல்லாமல் பட்டியலில் இருந்தவள் பெர்மெத். புருஷன் கட்டட வேலைக்கு யெகாதெரின்பர்க் போய் நாலு வருஷம். முதல் இரண்டு வருஷம் பணம் வந்தது, அடுத்த வருஷம் வாழ்த்து வந்தது, அப்புறம் எதுவும் வரவில்லை. மூன்று பெண் குழந்தைகள். ஒரே அறை, ஒரு அடுப்பு, நாலு பேருக்கு இரண்டு மெத்தை. குழந்தைகளுக்கு வரும் படியில்தான் மாவும் எண்ணெயும் கரியும். அந்தப் படியை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அந்த வருஷம் கெடு அக்டோபர் கடைசி. அதற்கு என் படிவமும் மாவட்ட ஆய்வாளரின் கையெழுத்தும் போதும். பெர்மெத் விஷயத்தில் அது ஐந்து நிமிஷ வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஜோரோபெக்கின் பிரச்சார ஆள் அஸ்கத் வந்தான். தலைநகரத்துப் பையன். சேற்றுக்கு ஆகாத ஷூ.

“அக்கா, எங்க அண்ணன் ஒரு ஏழை வீட்ல டீ குடிக்கணும்ங்கறாரு. நெஜமான ஏழையா இருக்கணும். காட்டுங்க.”

“அறுபத்தொண்ணு இருக்கு. எது வேணும்?”

“நல்லா இல்லாததா இருக்கணும், ஆனா வெளிச்சம் நல்லா இருக்கணும். கேமராவுக்கு. குழந்தைங்க இருந்தா நல்லது. இருமல் இல்லாத குழந்தைங்க.”

“உங்க அண்ணன் டீ குடிச்சா அந்த வீட்டுக்கு என்ன கெடைக்கும்?”

“அக்கா, திட்டத்தோட முதல் குடும்பமே அவங்கதான். முதல் கரி, முதல் பசு. கேமரா முன்னாடி சொன்னதுக்கப்புறம் இல்லேன்னு சொல்ல முடியுமா?”

சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பெர்மெத்தின் கூரையிலிருந்து மழைக்கு மழை ஒழுகும் இடம் என் கண்ணில் வந்து நின்றது. அவள் பெயரைக் கொடுத்தேன்.

அன்று மாலையே ஷெர்மாத் என் அலுவலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். அவர் தொப்பியைக் கழற்றாவிட்டால் ஊர்மானம் சம்பந்தமான விஷயம் என்று அர்த்தம்.

“ஜிபார், உனக்குப் புத்தி கித்தி இருக்கா? நாளைக்கு எம்.பி. ஆகப்போற மனுஷனைக் கொண்டுபோய் பெர்மெத் வீட்லயா உக்கார வைப்பே?”

“ஏழை வீடு கேட்டாங்க.”

“கேப்பாங்க. விருந்தாளி ஆயிரம் கேப்பான். நாம குடுக்கறதுல நம்ம மொகம் தெரியணும்ல? பக்கத்தூர்ல அவருக்குக் குதிரை அறுத்தானுங்க. குதிரை! இங்க அவரு வெறும் மண்தரையில உக்காந்து காஞ்ச ரொட்டி தின்னா, நாளைக்கு சந்தையில நான் எந்த மொகத்தோட நிப்பேன்?”

“அவரு ஏழைங்களைத்தான் பாக்க வர்றாரு, தலைவரே.”

“பாக்கட்டும். யாரு வேணாங்கறா? கௌரவமான ஏழையைப் பாக்கட்டும்.”

மறுநாள் காலையிலேயே பெர்மெத் வீட்டுக்கு ஊர்வலம் தொடங்கியது. ஷெர்மாத் வீட்டிலிருந்து இரண்டு சிவப்புக் கம்பளம், ஒன்று தரைக்கு, ஒன்று சுவருக்கு. பள்ளிக்கூட வாத்தியார் வீட்டிலிருந்து மருமகள் சீராக வந்த பன்னிரண்டு பட்டு மெத்தை. சுவரோரம் அவற்றை அடுக்கினால் எவ்வளவு உயரம் வருகிறதோ அவ்வளவு உயரம் எங்களூரில் ஒரு குடும்பத்தின் மதிப்பு. அடுக்கு கூரையை முட்டியது. ஊல்கான் கடையிலிருந்து குளிர்பெட்டியையும் டிவியையும் மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினாள், “கீறல் விழுந்தா கொன்னுடுவேன்” என்ற வாழ்த்தோடு. பட்டியில் ஐந்து செம்மறியாடு. ஒன்று அறுக்க, மீதி நான்கு அந்த ஒன்று தனியாக இருந்ததாகத் தெரியாமலிருக்க. தங்க ஓரம் போட்ட ஆறு தேநீர்க் கிண்ணம் என் வீட்டிலிருந்து போனது. ஊரே கொடுக்கும்போது நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா?

பெர்மெத் அறை நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“ஜிபாரக்கா, நான் எங்க உக்காரணும்?”

“உன் வீடுதானே, எங்க வேணாலும் உக்காரு.”

“இல்லக்கா, எதையும் மிதிக்காம உக்காரணுமே.”

பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் குளிர்பெட்டிக்கு மின்சாரம் கொடுத்திருந்தார்கள். கடைசிக் குழந்தை அதன் கதவைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வெளிச்சம் மட்டும் இருந்தது. மூடினால் அது எங்கே போகிறது என்று என்னைக் கேட்டது.

மூன்று ஜீப் வந்தன. ஜோரோபெக் நல்ல உயரம். தாழ்ந்த நிலைப்படிக்காகக் குனிந்து, ஏழை வீட்டுக்கென்று வழியிலேயே தயார் செய்த சோக முகத்தோடு உள்ளே வந்தார். நிமிர்ந்தார். முகம் அப்படியே நின்றது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சுவரில் கம்பளம், கூரைவரை மெத்தை. குளிர்பெட்டி பெருமையாக உறுமிக்கொண்டிருந்தது.

அவர் உட்காருவதற்குள் வாசலில் செம்மறியாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அறுக்கும் முன் விருந்தாளி ஆசி சொல்ல வேண்டும், அது முறை. ஆடு ஜோரோபெக்கைப் பார்த்தது. ஜோரோபெக் ஆட்டைப் பார்த்தார். “அதெல்லாம் வேணாங்க, டீ போதும்” என்றார். உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் கையை விரித்து ஆசி சொன்னார். எல்லாரும் “ஓமின்” என்று முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஆடு போனது.

அஸ்கத் என்னைக் கொல்லைப்புறம் இழுத்துப் போனான்.

“அக்கா, ஏழை வீடுதானே கேட்டேன்?”

“இதுதான் ஊர்லயே ஏழை வீடு.”

“இதுவா? எங்க வீட்லகூட இவ்ளோ கம்பளம் இல்ல! கேமராமேன் அழுவுறான். ஒரு விரிசல் கெடைக்குமான்னு சுவரெல்லாம் தடவிப் பாக்கறான். கம்பளத்தைத் தூக்கினா தலைவரு மொறைக்கறாரு.”

“பட்டிப் பக்கம் எடுங்களேன்.”

“பட்டியில நாலு ஆடு நிக்குது!”

ஆனால் ஜோரோபெக் சும்மா ஒன்பது பெட்ரோல் பங்க் வைக்கவில்லை. ஆட்டுத்தலை மரியாதையாக அவர் முன் வைக்கப்பட்டபோது மனுஷர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பெர்மெத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, மெத்தை அடுக்குக்கு முன்னால் கேமராவைப் பார்த்துப் பேசினார்.

“சகோதர சகோதரிகளே! இந்தப் பெண்ணைப் பாருங்கள். கணவன் இல்லாத வீடு. மூன்று குழந்தைகள். நேற்றுவரை ஏழை. அரசாங்கத்திடம் கையேந்தி நின்றாரா? இல்லை! தன் சொந்தக் காலில் எழுந்து நின்றார்! என் திட்டம் இதுதான். ஏழைகளை ஏழைகளாகவே வைத்திருப்பது உதவி அல்ல. ஒவ்வொரு வீட்டையும் இந்த வீடாக மாற்றுவேன்!”

ஊரே கைதட்டியது. வாத்தியார் தன் மெத்தைகளுக்காகத் தட்டினார். ஷெர்மாத் தன் கம்பளத்துக்காக. நானும் தட்டினேன், எதற்கென்று தெரியவில்லை. பெர்மெத் மட்டும் குனிந்து என் கிண்ணத்தைப் பிடித்திருந்தாள், இரண்டு கையாலும், உடைந்துவிடக் கூடாதே என்று.

ஜீப்புகள் கிளம்பியதும் மாட்டுவண்டி திரும்பி வந்தது. இருட்டுவதற்குள் பொருள்களெல்லாம் அவரவர் வீடு போய்ச் சேர்ந்தன. கறியில் பெர்மெத்துக்குக் குடலும் ஒரு முட்டி எலும்பும் விட்டுப் போனார்கள்.

தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் மாவட்டத்திலிருந்து ஆய்வாளரம்மா வந்தார். ஜோரோபெக் ஜெயித்திருந்தார். பெர்மெத் வீட்டில் எடுத்த அவருடைய படத்தை மாவட்ட டிவியில் ஒரு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சமூகநல அலுவலகத்தில் எல்லாரும் தேநீர் நேரத்தில் பார்த்திருக்கிறார்கள். மேசைமேல் புதுப்பிப்பதற்காகக் கிடந்த மனுவில் அதே பெயர்.

ஆய்வாளரம்மா கெட்டவர் இல்லை. மூட்டுவலிக்காரர். பெர்மெத் வீட்டுக்குள் வந்து சுற்றிப் பார்த்தார். மண்தரை, இரண்டு மெத்தை, ஒழுகலுக்கு வைத்த வாளி. போனில் அந்தப் படத்தை ஓடவிட்டார்.

“இந்த வீடுதானே இது? அடுப்பு அதேதான். பொருளெல்லாம் எங்கம்மா?”

பெர்மெத் வாளியை ஒழுகலுக்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

“நான் வர்றேன்னு தெரிஞ்சு ஒளிச்சு வச்சிருக்கே. இல்லேன்னா அது உன்னோடது இல்ல. ரெண்டுல ஒண்ணு. உன்னோடது இல்லேன்னா, யாரோடதோ அவங்க வந்து ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும், ‘கம்பளம் என்னோடது, இரவல் குடுத்தேன்’னு. அவ்ளோதான். நான் இங்கயே கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். மதியம் வரைக்கும் உக்காந்திருக்கேன், என்னால நடக்க முடியாது. ஜிபார், நீ போய் வாங்கிட்டு வா.”

ஒரு வரி. நான் போனேன்.

ஷெர்மாத் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “எழுதறதுக்கென்ன, தாராளமா எழுதுவேன். ஆனா அந்தக் கம்பளம் எங்கம்மா ரூம்ல இருக்கு. எங்கம்மா பட்டியல்ல எப்படி இருக்காங்க? வெறுந்தரையில. அதை எழுதினது யாரு? நீ! யோசிச்சுப் பேசு. அதுவுமில்லாம, எம்.பி.கிட்ட ஊரே பொய் சொல்லிச்சுன்னு நானே எழுதித் தரவா? மானம் போயிடும்மா.”

வாத்தியார் வாசலுக்கு வரவில்லை. அவர் மனைவி வந்தாள். “எந்த மெத்தை?” என்றாள். அவள் பின்னால் அறையில் பன்னிரண்டும் கூரைவரை நின்றன. நானும் பார்த்தேன், நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். “எந்த மெத்தைங்கறேன்?” என்றாள் மறுபடியும்.

ஊல்கான் மட்டும் அழுதாள். “அவ குழந்தைங்க வயித்துல அடிக்கணும்னு எனக்கென்ன ஆசையா? குளிர்பெட்டி என்னோடதுன்னா கடை என்னோடது. கடை என்னோடதுன்னா என் புருஷன் எங்க படுக்கறான்னு கேப்பாங்க. என் பிள்ளைங்க படியும் போயிடும். அவளுக்கு ரெண்டு கிலோ சர்க்கரை குடுத்தனுப்பறேன், அத எடுத்துட்டுப் போ ஜிபார்.” ஆடு கொடுத்தவன் மேய்ச்சலுக்குப் போயிருந்தான். அவன் மேய்ச்சலுக்குப் போயிருப்பதாக அவனே கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னான்.

வெறுங்கையோடு திரும்பினேன். சர்க்கரையை வெறுங்கை என்றுதான் சொல்ல வேண்டும். ஆய்வாளரம்மா ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவர் கொண்டுவந்த ரொட்டி. பெர்மெத் வெந்நீர் ஊற்றியிருந்தாள்.

“யாரும் எழுதலையா?”

“ஊர்ல இல்லீங்க. வேலையா போயிருக்காங்க.”

“ஊர் முழுக்கவா?” போனை எடுத்து எதையோ நிறுத்திப் பெரிதாக்கினார். “சரி, கம்பளம் மெத்தையெல்லாம் விடு. சின்னதா ஒண்ணு கேக்கறேன். இந்தக் கிண்ணம், தங்க ஓரம் போட்டது, இது யாரோடது? இந்த ஒண்ணுக்கு ஆள் கெடைச்சாக்கூட, மத்ததும் இரவல்தான்னு நான் எழுதிக்கறேன்.”

படத்தில் பெர்மெத்தின் இரண்டு கைக்குள் என் கிண்ணம்.

பெர்மெத் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் கோபப்பட்டுக்கொண்டு தப்பித்திருப்பேன். சும்மா பார்த்தாள். என் தலைக்குள் கட்டங்கள் ஓடின. கிண்ணம் என்னுடையது என்றால் என் வீட்டுக்கு ஆய்வாளர் வருவார். வந்தால் மாமியார். மாமியார் என்றால் என் எழுத்து. என் எழுத்து என்றால் அறுபத்தொன்றும். பதினொரு வருஷ வேலை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

“என்னோடதுதாங்க,” என்றாள் பெர்மெத்.

“கிண்ணமா?”

“எல்லாமே. கம்பளம், மெத்தை, ஆடு எல்லாம் என்னோடதுதான். வித்துட்டேன்.”

ஆய்வாளரம்மா போனைக் கீழே வைத்தார். “பொண்ணே, யோசிச்சுச் சொல்லு. எழுதிட்டா மாத்த முடியாது. ஒரு வருஷத்துக்கு மறுமனு கெடையாது.”

“எழுதுங்க.”

படிவத்தை நிரப்பும் வேலை என்னுடையது. விற்றிருந்தாலும் அந்த வருஷக் கணக்கில் உண்டு என்றுதான் எழுத வேண்டும். நிரப்பினேன். குளிர்பெட்டி: உண்டு. டிவி: உண்டு. கம்பளம்: இரண்டு. ஆடு: ஐந்து. எழுத்து வழக்கம்போல அழகாகத்தான் வந்தது.

ஆய்வாளரம்மாவின் கார் போனபிறகு கேட்டேன். “ஏன்டி அப்படிச் சொன்னே? பேரைச் சொல்லியிருக்கலாமே. ஷெர்மாத் பேரை, ஊல்கான் பேரை.”

“சொல்லிட்டு? அறுபது வீட்டையும் கெடுத்தவன்னு பேரு எடுத்துட்டு இந்த ஊர்ல எந்தத் தெருவுல நடப்பேன்?” அடுப்பில் சாணவறட்டி ஒன்றைப் போட்டாள். “அதுவும் இல்லாம, நீங்களே வாயத் திறக்கலயேக்கா. மத்தவங்களைச் சொல்லி என்ன ஆகப்போவுது?”

கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் விலை சொல்வது மாதிரி சொன்னாள்.

ஜோரோபெக் பதவியேற்றதும் நன்றிக் கடிதம் வந்தது, அதே வழவழப்பான தாளில். தாஷ்கெச்சூவில் ஏழைக் குடும்பங்களின் எண்ணிக்கை குறையத் தொடங்கிவிட்டதாகவும், தன் திட்டம் பலிக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி என்றும் எழுதியிருந்தார். அறுபத்தொன்று அறுபதாகியிருந்தது. நாடாளுமன்றத்தில் அவருடைய முதல் பேச்சு போலி ஏழைகளைப் பட்டியலிலிருந்து நீக்குவது பற்றி. எங்கள் ஊரில் எல்லாரும் அதை ஆமோதித்தார்கள். ஷெர்மாத் எழுந்து நின்று ஆமோதித்தார்.

நவம்பர் நடுவில் பெர்மெத் மூன்று குழந்தைகளோடும் அலுவலகத்துக்கு வந்தாள். மாஸ்கோவில் படிக்கட்டு கழுவும் வேலை கிடைத்திருக்கிறது. குழந்தைகளைப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் அக்காவிடம் விட்டுப் போகக் காப்பாளர் சான்றிதழ் வேண்டும். அக்காவுக்கு ஏற்கனவே நாலு பிள்ளைகள்.

“கெளம்பித்தான் ஆகணுமா?” என்று கேட்டேன். கேட்கக்கூடாத ஆள் கேட்கிற கேள்வி.

“இன்னும் பத்து நாளைக்கு மாவு இருக்கு,” என்றாள். “அக்கா வீட்டுக்காவது கரி கெடைக்குமா, என் பிள்ளைங்க பேர்ல? பாத்துச் சொல்லுங்க.”

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். புரட்டத் தேவையே இல்லை, எனக்கு மனப்பாடம். தாய் வெளிநாட்டில் சம்பாதிக்கும் குழந்தைகள் வருமானம் குறைந்தவர்களாகக் கருதப்பட மாட்டார்கள்.

“கெடைக்காது,” என்றேன்.

“சரி.”

படிவத்தில் ‘பிரிந்து செல்லும் காரணம்’ என்று ஒரு வரி. படிப்பு, சிகிச்சை, கூடுதல் வருமானம் என்று மூன்று கட்டம். எதைப் போட என்று கேட்டேன். எது சீக்கிரம் கையெழுத்தாகுமோ அதைப் போடச் சொன்னாள். மூன்றாவதைப் போட்டேன். கையெழுத்துப் போட்டாள். வெளியே வாடகைக்கார் ஹாரன் அடித்தது, மூன்று பேர் ஏறியாயிற்று, நாலாவது ஆளுக்காக நிற்கிறது. டிரைவர் கண்ணாடியை இறக்கிக் கத்தினான், “எத்தன நேரம்மா, பனி கொட்டுறதுக்குள்ள கணவாயைத் தாண்ட வேணாமா?”

பெர்மெத் மூன்று தலையிலும் வரிசையாக முத்தம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். பெரியம்மா வரும்வரை குழந்தைகள் என் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே அடுப்பு மூட்டக் கரி இன்னும் வரவில்லை. பெரியவள் இரண்டு தங்கைகளின் கோட்டுப் பொத்தான்களையும் கழுத்துவரை போட்டுவிட்டாள். அப்புறம் தன்னுடையதைப் போட்டுக்கொண்டாள்.